ஓகஸ்டில் இரணைமடுவில் தூண்டில் போடலாமா?

பெப்ரவரி 23, வாசகர் கேள்வி

ஐயா, நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். ஒவ்வொரு கோடையிலும் சிம்கோ ஏரிக்குப் போய் மீன் பிடிப்பது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஓகஸ்டில் ஊருக்கு வருகிறோம். அதற்குள் பத்து நாட்களை ஒதுக்கி, கிளிநொச்சியில் தங்கி, இரணைமடுவில் இயந்திரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து மீன் பிடிக்க விரும்புகிறேன். என் தந்தை சிறுவயதில் அந்தக் குளத்தில் தூண்டில் போட்டவர். எனக்குப் பன்னிரண்டு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். படங்களில் குளம் கடல்போல் நிறைந்திருக்கிறது. படகு எங்கே எடுக்கலாம், எந்த மீன் கிடைக்கும், பத்து நாட்கள் போதுமா என்று சொல்வீர்களா?

பெப்ரவரி 24

தம்பி, நீங்கள் பார்த்த படங்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ எடுக்கப்பட்டவையாகத்தான் இருக்கும். ஓகஸ்டில் அந்தக் குளத்தை எதிர்பார்த்து வந்தால் பிள்ளைகள் முதல் நாளே ஏமாந்துவிடுவார்கள். எங்களுக்குப் பெருமழை ஒக்ரோபரில் தொடங்கித் தை மாதம் வரைதான். வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறித்து, 1902 இல் வேலை தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக் கட்டிய குளம் இது. மாரியில் நிறைந்து, 34 அடியைத் தொட்டதும் வான்கதவுகளைத் திறப்பார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து குளக்கட்டில் நிற்பார்கள். சித்திரைக்குப் பிறகு, கோடையில் விதைக்கும் சிறுபோக வயலுக்காக, வாய்க்காலுக்கு நீர் விடும் மதகான துருசு திறக்கப்படும். அன்றிலிருந்து நீர் நாளுக்கு நாள் இறங்கும். ஓகஸ்டில் நீங்கள் காணப்போவது, தூரத்தில் ஒதுங்கிய நீரும், நீர் வற்றி வெடித்துக் காய்ந்த ஓரநிலமான அலைகரையுமாக இருக்கும்.

சிம்கோ, மக்கள் விடுமுறைக்குப் போகும் ஏரி. அங்கே உரிமச்சீட்டை வாங்கினால் நீங்கள் போட்ட தூண்டிலுக்கு நீங்கள் உரித்தாளி. இரணைமடுவுக்கும் இப்பொழுது சனக்கூட்டம் வருகிறது, ஆனால் அது முதலில் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலின் தண்ணீர், அடுத்து அதில் வலை போட்டுப் பிழைக்கும் நன்னீர் மீனவக் குடும்பங்களின் தொழிலிடம். விருந்தாளிக்கு மூன்றாவது இடம்தான். வரவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை; ஆனால் பத்து நாள், இயந்திரப் படகு என்ற கணக்கை இப்பொழுதே கைவிடுங்கள். ஓகஸ்டையும் கைவிட்டு, முடிந்தால் பெப்ரவரி அல்லது மார்ச்சில் வருவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 24, இரவு

காலையில் எழுதியதில் ஒரு பிழை. 34 அடி என்பது பழைய கணக்கு. கட்டை இரண்டு அடி உயர்த்திய பிறகு, 2018 டிசம்பரிலிருந்து முழுக் கொள்ளளவு 36 அடி. கொள்ளளவும் 13 கோடியே 10 இலட்சம் கனமீற்றரிலிருந்து 14 கோடியே 80 இலட்சமாக ஏறியது. திறப்பு விழா நடந்து இரண்டு கிழமை அளவில் பெருமழை கொட்டி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறக்க முடியாது. இருந்தும் வாயில் பழைய அடிக்கணக்கே வருகிறது.

மார்ச் 2

பாடசாலை விடுமுறை ஓகஸ்டில்தான் வருகிறது, மார்ச்சில் பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஓகஸ்டையே வைத்துக்கொண்டு யோசிப்போம்.

அப்படியானால் நீங்கள் முதலில் காத்திருக்க வேண்டியது வானிலை அறிக்கைக்கு அல்ல, சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவுக்கு. அரசாங்க அதிபரின் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் கூடி, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கருக்கு விதைப்பது, எந்த நாளில் துருசைத் திறப்பது, எந்த நாளில் மூடுவது என்று தீர்மானிப்பார்கள். ஏக்கர் கூடினால் நீர் விரைவாக இறங்கும். குறைந்தால் ஓகஸ்டிலும் ஓரளவு நிற்கும். கமக்காரனுக்கு அந்தக் கூட்டம் அந்த ஆண்டின் சோறு. மீன் பிடிக்க வருபவருக்கும் அதுதான் பஞ்சாங்கம். விமானச்சீட்டை எடுத்துவிட்டீர்கள் என்றாலும், கிளிநொச்சியில் தங்கும் நாட்களை மட்டும் அந்த முடிவு தெரியும்வரை உறுதிசெய்ய வேண்டாம்.

மார்ச் 3

நெல் அறுவடைக்கு நெருங்கும்போது துருசை மூடிவிடுவார்கள், அதன் பிறகு நீர் இறங்குவது மெதுவாகும் என்பதை நேற்று சேர்க்க மறந்துவிட்டேன். உங்களுக்கு இது முக்கியம்.

மார்ச் 16

படகைப் பற்றி மீண்டும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் அக்காவின் மகன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். நல்ல கம்பும் சுழல் உருளையும் கொண்டுவந்தான். மாலை நாலரை மணிக்கு இருவரும் கட்டிலிருந்து சற்று விலகி, அலைகரையின் ஒரு முனையில் நின்று வீசினோம். இரண்டாவது வீச்சிலேயே முள் எதிலோ கொழுவியது. பெரிய மீன் என்று நினைத்து அவன் இழுத்தான், நானும் தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, கையில் சுற்றிப் பிடித்து இழுத்தேன். நாங்கள் இழுத்தது ஒருவர் அப்பொழுதுதான் போட்டுவிட்டுக் கரையேறிய வலை. ஒரு பாகம், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்துக்குக் கண்கள் கிழிந்திருந்தன. அந்த மனிதர் தோணியை விட்டு இறங்கி வந்து, கோபப்படாமல், வலையை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, "விடிய நாலு மணிக்கு எடுக்க வேண்டிய வலை, அண்ணை" என்று மட்டும் சொன்னார். பணம் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். அவர் அன்றிரவு வலையைத் தைத்துக்கொண்டிருந்திருப்பார் என்ற நினைவு எனக்கு அன்று தூக்கம் தரவில்லை. இன்றும் அந்த முனையைக் கடக்கும்போது அது நினைவுக்கு வருகிறது.

மாலையில் வலை போடுவதும் விடியற்புறத்தில் எடுப்பதும்தான் எங்கள் குளங்களின் முறை. வலைக்கு 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத கண் இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. குஞ்சுகள் தப்பி வளர்வதற்காக. அதை மதித்துத் தொழில் செய்பவர்களுடைய குளத்தில் நாம் இயந்திரத்தை ஓட்டினால், மிதப்புகளுக்கும் வலைக்கயிறுகளுக்கும் நடுவே என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே ஓடுவது துடுப்பு வலிக்கும் சிறு தோணிகள்தான், பெரும்பாலும் பைபர் தோணிகள். ஆகவே படகு வாடகைக்குக் கேட்காதீர்கள். மீனவர் சங்கத்தாரிடம் முதல் நாள் போய்ப் பேசுங்கள். எந்தப் பக்கம் வலை கிடக்கிறது, எந்தக் கரையில் தூண்டில் போட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று அவர்களே காட்டித் தருவார்கள்.

மார்ச் 17

தூண்டில் சாமான்கள் குறித்து: உலோகப் போலி மீன்களைப் பெட்டி நிறையக் கொண்டுவர வேண்டாம். இங்கே அதிகம் கிடைக்கும் திலாப்பியா, பாசியும் சிறு தாவரமும் தின்று வளர்வது. அதற்குச் சிறிய முள், மெல்லிய தங்கூசி, ஒரு மிதப்பு, மண்புழு அல்லது பிசைந்த பாண் போதும். கோதுமை மாவைச் சிறிது மஞ்சளும் எண்ணெயும் விட்டு இறுகப் பிசைந்தால் நீரில் கரையாமல் நிற்கும் என்று என் தகப்பனார் சொல்வார். நான் செய்து பார்த்ததில் பாணைவிட அது நீண்ட நேரம் நின்றது.

மொசாம்பிக் திலாப்பியா 1952 இல்தான் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கள் பழைய மீன்கள் ஆற்றுக்கும் வயலுக்கும் பழகியவை; அகன்ற குளத்தின் நடு நீரைப் பயன்படுத்தி பெருகியது இந்த வந்தேறிதான். இன்று வன்னிக் குளங்களில் வலைக்காரரின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. பின்னர் விடப்பட்ட கட்லா, றோகு, மிரிகால் போன்ற கெண்டைகள் பெரிதாக வளர்ந்தாலும் குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை. குஞ்சு விட்டால்தான் உண்டு. உங்கள் முள்ளில் பெரிய கட்லா ஒன்று கொழுவினால், அது யாரோ குஞ்சாக வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மீன் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 16

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் குடும்பத்தோடு இரணைமடுவுக்குப் போனோம். உங்கள் பயணத்தை மனதில் வைத்தே பார்த்தேன். காலை பத்து மணிக்கெல்லாம் கட்டின் மேலே நடக்க இடமில்லை. ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியிலிருந்தே வாகனங்கள் வரிசையாக உள்ளே திரும்பின. கனகாம்பிகை அம்மன் கோவிலில் வணங்கிவிட்டு வருபவர்களும், சமைத்துக் கொண்டுவந்து மரநிழலில் உண்பவர்களும், நீரில் இறங்கும் இளைஞர்களுமாக ஒரே இரைச்சல். அந்த நெரிசலில் தூண்டிலைப் பின்னால் ஓங்கி வீசுவது ஆபத்து; ஒரு குழந்தையின் முகத்தில் முள் ஏறினால் என்ன செய்வது?

இரண்டு விடயங்களை அன்று குறித்துக்கொண்டேன். ஒன்று, சனி ஞாயிறும் விடுமுறை நாட்களும் உங்கள் கணக்கில் இருக்கவே கூடாது. செவ்வாய், புதன், வியாழனே ஏற்றவை. மற்றது, கட்டின் நீர்ப்பக்கச் சரிவிலுள்ள கற்கள். நீர் இறங்கிய இடத்தில் அவற்றின் மேல் பாசி காய்ந்திருப்பதுபோல் தோன்றும், காலை வைத்தால் வழுக்கும். அதற்குக் கீழே உடனே ஆழம். இந்தக் குளத்தில் குளிக்க இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. நீந்தத் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகியவர்கள் என்றீர்கள். தயவுசெய்து அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கோவில் சுற்றாடலில் மீன் வெட்டுவதோ கழுவுவதோ கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். எவரும் பலகை போட்டு அறிவிப்பதில்லை, ஆனால் பார்ப்பவர்களின் மனம் நோகும்.

மே 4

சிறுபோகத்துக்குத் துருசு திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் நீர் ஓடும் ஓசை கேட்கிறது. இனிக் குளம் இறங்கத் தொடங்கும்.

யூன் 21

பெப்ரவரியில் எழுதியதை இன்று ஓரளவு மாற்ற வேண்டியிருக்கிறது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்துக்குப் போய், தோணிகள் கரைசேரும் இடத்தில் நின்றேன். முன்பு நாங்கள் வலை கிழித்த அந்த மனிதரையே சந்தித்தேன். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். ஓகஸ்டில் கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வரவிருக்கிறது, நீர் இல்லாத காலத்தில் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் உடனே மறுத்தார். நீர் விரிந்து கிடக்கும் மாரியில் மீன் காட்டோரம் வரை பரந்துவிடும், தூண்டில்காரனுக்கு ஒன்றும் அகப்படாது. நீர் ஒடுங்கினால் மீனும் ஒடுங்கும், அப்பொழுதுதான் சிறுபிள்ளை போட்டாலும் எடுக்கும் என்றார். நான் குளத்தின் அழகை வைத்து நாள் பார்த்திருக்கிறேன். அவர் மீனை வைத்துப் பார்க்கிறார். மீன் பிடிக்க வருபவருக்கு அவர் சொல்வதே சரி.

ஆனால் அதே காரணத்தால் அது அவர்களுடைய அறுவடைக் காலமும்தான். வழியையும் அவரே சொன்னார்: காலையில் வலை எடுத்து முடிந்து தோணிகள் கரையேறிய பின் தூண்டில் போடுங்கள், மாலையில் வலை போட வருவதற்குள் விலகிவிடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். குளக்கட்டு வடக்குப் பக்கத்தில் இருப்பதால், காற்று முழுக் குளத்தையும் கடந்து கட்டின் மேல்தான் அலையை மோதவிடும். கட்டில் நின்று வீசினால் மிதப்பு ஐந்து நிமிடத்தில் கற்களுக்குள் திரும்பி வந்துவிடும். இன்று காலை ஆறு மணிக்கு நீர் கண்ணாடிபோல் கிடந்தது. ஒன்பதரைக்கு நுரை எழுந்தது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது, தோணிகள் கரையேறிய பின் காற்று எழும் வரையான இரண்டரை, மூன்று மணித்தியாலம்தான். அதன் பின் பிள்ளைகளை வெயிலில் வைத்திருக்கவும் கூடாது.

திரும்பும்போது அலைகரையில் நான் இதுவரை கவனிக்காத ஒன்றைக் கண்டேன். நீர் வற்றிய சேற்றில், சோற்றுக்கோப்பை அளவில் வட்டக் குழிகள் பத்துப் பன்னிரண்டு. ஆண் திலாப்பியா வாலாலும் வாயாலும் தோண்டும் குழிகள் அவை. பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாய்க்குள் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரிக்கும் வரை இரை எடுக்காமல் காக்கும். வாயில் முட்டையோடு ஒரு மீன் அகப்பட்டால் மெதுவாக நீரில் விட்டுவிடச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் மூத்த பிள்ளைக்கு இது மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

யூன் 22

விரால் பற்றி வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். நேற்று நான் சொன்ன ஒடுங்கிய நீரின் கணக்கு விராலுக்குப் பொருந்தாது. அது திறந்த நீரை விரும்பாது. புல்லும் தாமரையும் அடர்ந்த ஓரங்களிலும், வாய்க்கால்களிலும், சிறு குளங்களிலும் இருக்கும். காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் அடிக்கடி மேலே வந்து வாய் வைத்துப் போகும். நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேற்பரப்பில் திரிவதைக் கண்டால், தாயோ தகப்பனோ அடியில் நிற்கும். அந்த இடத்தில் தவளையைக் கோத்துப் போட்டால் காவல் நிற்கும் விரால் பாய்ந்து கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அங்கே போடக்கூடாது. பெரியது போனால் குஞ்சுக் கூட்டம் முழுவதையும் மற்ற மீன்கள் தின்றுவிடும்.

யூன் 29

இடங்கள் பற்றி இன்னும் சில கடிதங்கள் வந்துள்ளன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன்குளம் எல்லாம் இரணைமடுவைவிட அமைதியானவை. ஆனால் முத்தையன்கட்டுப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, விடியற்காலையிலும் மாலையிலும் தனியே போகக் கூடாது. மன்னார்க் கட்டுக்கரைக்குளம் 1954 இலிருந்து சரணாலயம், சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே பறவை பார்க்கப் போங்கள், தூண்டிலை வீட்டில் வைத்துவிடுங்கள்.

எந்தக் குளமானாலும் முதலை இருக்கும் என்றே எண்ணி நடக்க வேண்டும். நீரில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதும், மீன் குடலை நிற்கும் இடத்திலேயே எறிவதும் அதைக் கூப்பிடுவதற்குச் சமம். செந்நிற மிதிவெடிப் பலகையைக் கண்டால் ஓரடி கூட உள்ளே வைக்க வேண்டாம். பலகை இல்லாத காட்டோரத்திலும் மாடு நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். நாங்கள் இங்கே வாழ்பவர்கள்; எங்களுக்கே இன்னும் அந்தப் பயம் உண்டு.

யூலை 6

பத்து நாள் என்பதை மூன்று காலையாக்கியதற்கு நீங்கள் மனவருத்தப்படவில்லை என்று அறிந்து நிம்மதி. இப்பொழுது திட்டம் இதுதான். ஓகஸ்டின் முதல் செவ்வாய் மாலை வந்து, தோணித்துறையில் சங்கத்தாரைக் கண்டு பேசுவது. புதனும் வியாழனும் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, அவர்கள் காட்டும் கரையில் தூண்டில். வெள்ளி காலை தூண்டில் இல்லை. வலை எடுத்து வரும் தோணிகளைப் பார்ப்பதும், பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களில் வியாபாரிகள் வந்து நிறுத்து வாங்குவதைப் பார்ப்பதும். உங்கள் தந்தை போட்ட தூண்டில் எந்தக் கரையில் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். பெயர் சொன்னால் பழைய ஆட்களிடம் விசாரிக்கிறேன்.

பிடித்த மீனைப் பற்றி என் மனைவி சொன்னது: றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியும் ஐசும் இல்லாமல் குளத்துக்குப் போக வேண்டாம், ஓகஸ்ட் வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் மீன் மென்மையாகிவிடும். திலாப்பியாவின் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டிச் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் சேற்று மணம் போய்விடும். பிறகு மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிப் பொரிக்கலாம். குழம்பு வைப்பதானால் புளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். பிடித்ததை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள் என்கிறார்.

யூலை 7

அந்த வலைக்காரர் ஒரு செய்தி சொல்லியனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை காற்று இல்லாவிட்டால், வலை எடுத்து முடிந்த பின், பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோணியில் ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிச் செல்வாராம். பணம் பேச வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் அவரிடம் உயிர்காப்பு அங்கி இல்லை, சிறுவர் அளவில் நல்லதை நான் இங்கே தேடியும் அகப்படவில்லை. கம்பையும் உருளையையும் விட்டுவந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளின் அளவில் இரண்டும், அவருக்கென்று பெரியவர் அளவில் ஒன்றும் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.